மைக்கை விட்டவள்

அரியலூரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான், வீரமுத்து. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் என் குழாய்தான் கத்தும். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கெட்ட குணம் ஒட்டிக்கொண்டது. மேடையில் ஒருவர் என்ன பேசுகிறார் என்று கேட்க மாட்டேன், எப்போது மைக்கை விடுவார் என்றுதான் பார்ப்பேன். விடவே மாட்டார்கள். 'இறுதியாக ஒன்று' என்று ஆரம்பித்து உயிரை எடுத்தவர்கள் எத்தனையோ பேர். பேச்சாளர் என்றாலே எனக்கு இளக்காரம்.

வெற்றிச்செல்வியையும் முதலில் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சம்பூர்ணம் என்றால் தெரியும். எட்டு வருடம் டிவி சீரியலில் வில்லி மாமியாராக வந்தவள். சம்பூர்ணம் மருமகளின் சாப்பாட்டில் விஷம் கலந்த அன்றைக்கு, என் மனைவி மஞ்சு குழம்புக் கரண்டியை டிவிக்கு நேராக ஓங்கிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அவளைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. அவ்வளவு நன்றாக நடிக்கிறாளே என்று சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். அப்பா இராமலிங்கம் அடுத்தவர் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போனவர். அந்த ஊர் ஏரியை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும், சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். சீரியல்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். வேறொரு நடிகைக்குப் பொட்டு வைத்து உட்காரவைத்து, திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுக் கதையை ஓட்டினார்கள்.

ஊரில் ஒருவரும் நம்பவில்லை. தேர்தலில் நிற்க அடி போடுகிறாள் என்றார்கள். நானும் டீக்கடையில் அதையே சொல்லிச் சிரித்தேன்.

ஒரு நாள் அந்த ஊர்க் கோயிலில் குழாய் கட்டப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு அவள் இறங்கவும், மருதாயி என்கிற அம்மாள் ஓடிவந்து மண்ணை வாரி அவள் முகத்திலேயே தூற்றினாள். நாசமாய்ப் போவாய் என்று சாபம் வேறு. பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெற்றிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"எதுக்கு அத்தை, அந்த வெஷம் வச்சதுக்கா?"

"பின்ன என்ன? பச்சப் புள்ளக்காரிடீ அவ."

"அதுக்குன்னா இன்னொரு பிடி போடுங்க. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்."

மருதாயி கையில் மிச்சமிருந்த மண்ணோடு அப்படியே நின்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் வெற்றிச்செல்வி அவள் வீட்டில்தான் சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து தினமும் சீரியல் நேரத்துக்கு ஏதாவது ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். புதுச் சம்பூர்ணத்தை எல்லோரோடும் சேர்ந்து திட்டுவாள். விளம்பரம் வருகிற இடைவெளியில் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவாள். ஏற்கெனவே குழி தோண்டிய ஊர்களுக்குப் பெண்களைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒருமுறை மருதாயி அவளிடம், இவ்வளவு வசனத்தையும் எப்படி மனப்பாடம் செய்தாய் என்று கேட்டாளாம். மனப்பாடமெல்லாம் கிடையாது, கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வரிவரியாகப் படிப்பார், ப்ராம்ப்டிங் என்று பெயர், அதைக் காதில் வாங்கி முகத்தில் காட்டிவிட்டுப் போவோம் என்றிருக்கிறாள். கடைசியில் ஒன்று சொன்னாளாம், அதை அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டு மஞ்சு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"எட்டு வருஷமா என் வாயில வந்ததுல ஒரு வார்த்தகூட என்னுது இல்ல அத்தை."

சுரங்கத்துக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஊரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு மைக்செட் என்னுடையது. ஊர் வாயைத் திறக்காவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் ஏரி கிடையாது. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அத்தனை பேரும் வெற்றிச்செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசிவிடுவாள், நாம் கை தட்டினால் போதும் என்று நினைப்பு.

அவள் மைக் முன்னால் வந்து நின்றதும் சுரங்கக் கம்பெனி ஆள் ஒருவர் எழுந்தார். இந்த அம்மாவுக்கு ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் சென்னையில், இவர் எப்படி ஊர்க்காரர் ஆவார் என்று கேட்டார். மேடையிலிருந்த அதிகாரி, முதலில் ஊர்க்காரர்கள் பேசட்டும், நேரமிருந்தால் மற்றவர்கள் என்று முடித்துவிட்டார்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். எட்டு வருடம் கண்ணை உருட்டியவள், ஒரு பார்வை பார்த்தால் போதுமே. அவளோ மைக்கைக் கழற்றி, முன்வரிசையில் இருந்த மருதாயி கையில் கொடுத்துவிட்டாள்.

மருதாயி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெற்றிச்செல்வி அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து மெல்ல வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தாள். மருதாயி ஒரு வரி சொன்னாள், இரண்டாவது வரியும் சொன்னாள். பார்த்தீர்களா, சொல்லிக்கொடுத்துப் பேசவைக்கிறார்கள் என்று அந்த ஆள் மறுபடியும் எழுந்தார்.

வெற்றிச்செல்வி நிமிர்ந்தாள். மருதாயியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பந்தலின் கடைக்கோடிக்கு நடந்து போய்விட்டாள். கெடுத்தாளே பாவி என்று வாய்விட்டே சொன்னேன். என் குழாயில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றாள் மருதாயி. "டிவில ஒருத்தவங்க நின்னுட்டா, இனி இவருக்குப் பதில் இவர்னு போடுவாங்கல்ல, அப்புடி வச்சுக்குங்க. இனிமே இவளுக்குப் பதில் நான். குழி தோண்டுன ஊருக்கெல்லாம் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். அங்க குழியில தண்ணி நிக்குது, கெணத்துல இல்ல. எம்மவளுக்கு மொதத் தண்ணி ஊத்துனது இந்த ஏரித் தண்ணி. எம்புருசன் செத்தப்ப நான் தல முழுவுனதும் இதுலதான். எங்களுக்கு வேண்டாம்னு எழுதிக்குங்க. எம்பேரு மருதாயி."

அவள் முடிப்பதற்குள் பின்னால் கொளஞ்சி வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் அம்மாக்கண்ணு. ஒவ்வொருத்தியும் மைக்கை வாங்கியதும், இனிமே இவளுக்குப் பதில் நான் என்றே ஆரம்பித்தாள். பேசி முடித்ததும் அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒருத்திகூட மைக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. வெயில் சாய்ந்தும் வரிசை நீண்டுகொண்டே போனது. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் திட்டம் இன்றுவரை அனுமதி கிடைக்காமல் நிற்கிறது. ஏரியில் இந்த வருடமும் தண்ணீர் இருக்கிறது.

ஆனால் எனக்கு அந்த நாளை நினைத்தால் மருதாயி பேசியபோது பார்த்ததுதான் முதலில் வருகிறது. சத்தம் கடைசிவரை கேட்கிறதா என்று பார்க்கப் பந்தலின் கோடியைத் திரும்பிப் பார்த்தேன். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வெற்றிச்செல்வி நின்றிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. என் குழாயில் மருதாயியின் ஒவ்வொரு வரியும் வரவர, பழக்க தோஷத்தில் அவள் உதடுகள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன.