மீன் பெட்டியின் எடை

கணக்கு சரிதான். இப்போதும் சொல்கிறேன், சரிதான். கழக்கூட்டம் ஆபீசில் எனக்குச் சோறு போடுவதே கணக்குதானே!

போனக்காடு மலை எஸ்டேட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைசுற்றல். சர்க்கரை ஏறிவிட்டது. "இன்சுலின் தீந்துட்டு மக்கா. இன்னைக்கு மேல வந்துரும்," என்றாள் போனில். எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. எலெக்ட்ரிக் பைக்கில் போய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரக் கிளம்பிவிட்டேன்.

வண்டி நூற்றிருபது கிலோ, நான் எழுபது. சமதளம் ஐம்பது கிலோமீட்டர், அப்புறம் அறுநூறு மீட்டர் உயர மலையேற்றம். போட்டுப் பார்த்ததில் வீட்டு வாசலில் எட்டு சதவிகித சார்ஜ் மிஞ்சும். இறங்குவதற்கு சார்ஜே வேண்டாம்; ஆஸ்பத்திரி அடிவாரத்தில்தான்.

மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் பிச்சைக்கனி அண்ணாச்சி வண்டியை மறித்தார். எஸ்டேட்டுக்குப் போகிற யாரானாலும் மேலே உள்ளவர்களின் சாமானை ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மறுத்தால் அங்கே ஒருத்தர் முகத்தில் விழிக்க முடியாது. அரிசி, கோதுமை மாவு, கடைசியில் ஒரு பெரிய தெர்மாகோல் மீன் பெட்டி!

"அண்ணாச்சி, பேட்டரி தாங்காது!"

"அதெல்லாம் தாங்கும்டே. ஐஸு உருகதுக்குள்ள கொண்டு போயிரணும், கேட்டோ."

மீனுக்கு இவ்வளவு பதற்றமா என்று எரிச்சலோடு ஏறினேன். இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது சார்ஜ் ஐந்துக்கு வந்துவிட்டது. நாசமாப் போச்சு! ஏதாவது ஒன்றை இறக்கியே ஆகவேண்டும். அரிசியை விட்டால் யாரோ பட்டினி. மீன் இல்லையென்றால் யார் சாகப்போகிறார்கள்? பெட்டியை ஒரு வளைவில் பாறை ஓரமாக இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

ஒரு சதவிகிதத்தில் வீட்டு வாசலைத் தொட்டேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"மீன் பெட்டி எங்கலே?"

"இந்த சர்க்கரையில உனக்கு மீன் கேக்குதோ? வழியில இறக்கி வச்சுட்டேன்."

அம்மா என்னையே பார்த்தாள். "எனக்கு எதுக்குலே மீனு? அந்த ஐஸுக்குள்ளதான் என் மருந்து வரும். இங்க என்ன பிரிட்ஜா இருக்கு? எட்டு வருஷமா அப்படித்தான வருது."

எட்டு வருஷம்! தினமும் போனில் பேசுகிறேன், இது எனக்குத் தெரியாது.

மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை இறக்கத்தில் விட்டேன். பெட்டியை வைத்த வளைவில் குரங்குகள். பெட்டி துண்டுதுண்டாகக் கிடந்தது. மீனும் இல்லை, ஐஸும் இல்லை. நடுரோட்டில் வெயிலில் மருந்துக் குப்பி மட்டும், உடையாமல். வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே குனிந்து எடுத்தேன். கையைச் சுட்டது; மருந்து கெட்டிருக்கும்.

குப்பி இருபது கிராம் கூட இருக்காது.

"கிடைச்சுட்டா மக்கா?" அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தலை என் முதுகில் சாய்ந்திருந்தது.

"கிடைச்சுட்டும்மா," என்றேன். அடிவாரத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். பிரேக்கை விட்டேன்.