ஐந்து மைலுக்கு ஒரு தடவை

குன்றக்குடி ரோட்டில் வண்டி இருமிக் குலுங்கி நிற்கப் போகும் நேரத்தில் மெக்கானிக் செம்மலை குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினான். பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்றை இழுக்கிற சத்தம். செத்துக்கொண்டிருந்த என்ஜின் மெல்லச் சீராக ஓட ஆரம்பித்தது.

"இங்குட்டு வாங்கண்ணே. பிளக்கும் இல்ல, கார்பரேட்டரும் இல்ல. டேங்க்குக்குள்ள காத்துப் போகல."

மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் நாலைந்து மைலில் பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் காற்று கசிந்து மறுபடி கிளம்பும். பதினாலு வருசமாக டாக்ஸி ஓட்டுகிற எனக்கு இது தெரியாதா? தெரிந்து என்னத்தைக் கிழித்தேன்!

அன்றைக்கு மானகிரியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த ஆஸ்டின் ஐந்து மைலுக்கு ஒரு தடவை நின்றது. பின்சீட்டில் என் பெண்டாட்டி பொன்னழகு. அவள் மடியில் ஜன்னி கண்ட எங்கள் மகள் சின்னத்தாயி, ஆறு வயசு. நின்ற இடத்திலெல்லாம் பானட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதினேன். உடனே கிளம்பியது. ஆகா, பிளக்தான் கோளாறு என்று நம்பினேன். பாவி நான், துடைத்ததால் கிளம்பவில்லை, அவ்வளவு நேரம் நின்றதால் கிளம்பியிருக்கிறது. புறப்படும்போதே டேங்க் நிறையப் போட்டாயிற்று, மூடியைத் தொடவே இல்லை. மேலூர் தாண்டி ஏழாவது தடவை ஜெட்டை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது பொன்னழகு பிள்ளையின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

செம்மலை குண்டூசியால் துளையைக் குத்தினான். மஞ்சளாக உதிர்ந்தது. சந்தனம்.

அந்த அறுபத்தெட்டாம் வருச ஆயுத பூசைக்கு விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தது நான். "இதுதான வண்டிக்குச் சோறு போற வாயி, இத விட்டுப்பிட்டீகளே" என்று மூடி நடுவில் கெட்டியாக அப்பியது பொன்னழகு. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் டவுனுக்குள் சின்னச் சின்ன சவாரிதான், ஒன்றும் தெரியவில்லை.

"யாருண்ணே இதுல பொட்டு வச்சது?"

"நாந்தேன்" என்றேன். அவன் மூடியைத் துடைத்துத் திருகி மூடினான்.

வீடு வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பிள்ளை போய்ப் பதினெட்டு நாளில் பொன்னழகு தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

"வண்டிக்கு என்னவாம்?"

"கார்பரேட்டர்ல அழுக்கு. போன மாசமே கழட்டிச் சுத்தம் பண்ணியிருக்கணும். நாந்தேன் அசட்டையா விட்டுட்டேன்."

"பண்ணியிருந்தா நிக்காமப் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"புள்ள?"

அதற்கு ஒரு பொய் வைத்திருக்கவில்லை. பிழைத்திருக்கும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். தட்டைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்து, என் பக்கமாக ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.