இரண்டாவது படுக்கையறையில் இருக்கும் அட்மின்

எங்கள் மடிக்கணினியின் அட்மின் இரண்டாவது படுக்கையறையில் தங்கியிருக்கிறார். பெயர் கனகசபை.

என் மனைவி சுகிர்தா உயிரோடு இருந்தவரை அவள்தான் அட்மின். நான் சாதாரணப் பயனர். அவளை எரித்துவிட்டு வீடு திரும்பியபோது கனகசபை கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பொறுப்பு காலியா இருக்கக் கூடாது சார்," என்றார்.

அவரை நான் நம்பவில்லை. அலமாரியில் இரண்டு தலையணைகள் இருந்தன. அவளுடையதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமானால் அவர் கதவைத் தட்ட வேண்டும். காரணம் கேட்பார். யோசிப்பார். பிறகு 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதை அழுத்துவார். இப்போதெல்லாம் ஜன்னலைத் திறக்கவும் அனுமதி தேவைப்படுகிறது. அவர் அறைக்குப் போகும் வழி நீண்டுகொண்டே போகிறது. நடுவில் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு பர்வீன் அக்கா விசாரித்தார்.

"யாருப்பா உன் வீட்டுல?"

"லேப்டாப் அட்மின்க்கா."

"சாப்பாடு?"

"நான்தான் போடுறேன்."

"நல்லா இருக்கு போ. ஆளை வச்சது சுகிர்தாவா?"

"தெரியலக்கா."

எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கனகசபை கூப்பிட்டார். திரையில் மூன்று கணக்குகள். அவருடையது, என்னுடையது, சுகிர்தாவுடையது. அவள் படத்தில் பாதிக் கண்ணை மூடியிருந்தாள்.

"இது சும்மா கிடக்கு சார். நீக்கிடலாம்."

"உள்ள என்ன இருக்கு?"

"போட்டோ. வாய்ஸ் ரெக்கார்டிங். அவங்க இருமினதுகூட இருக்கு."

"பாஸ்வேர்ட் உங்ககிட்ட சொன்னாளா?"

"அட்மினுக்கு எதுக்கு சார் பாஸ்வேர்ட்?"

என்னிடமும் அவள் சொன்னதில்லை.

"நீக்காதீங்க," என்றேன்.

"ஏதாவது ஒண்ணு போயே ஆகணும். இடம் இல்ல."

"உங்களோடது?"

சிரித்தார். "இருக்கிற ஒரே அட்மினை நீக்க முடியாது. கம்ப்யூட்டரே விடாது. காலேஜ் படிச்சவருதானே நீங்க?"

என்னுடையதைக் காட்டினேன்.

"நிஜமாவா? ஃபைல் ஏதும் எடுத்து வைக்கணுமா?"

"என்ன இருக்கு?"

தேடினார். "ரெஸ்யூம். கேஸ் ரசீது. இன்னொரு ரெஸ்யூம்."

"வேண்டாம்."

அழுத்தினார். என் படம் மறைந்தது. வலிக்கவில்லை. சட்டை மட்டும் தோளில் சற்றுத் தொளதொளத்தது.

கனகசபை எழுந்து நின்றார். அதுவரை எனக்காக அவர் எழுந்ததில்லை.

"உக்காருங்க மேடம்."

உட்கார்ந்தேன். சுகிர்தாவின் கணக்கு பாஸ்வேர்ட் கேட்டது. விரல்கள் தாமாகவே தட்டின. அவள் மறைத்து வைத்தது என்பதால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கணக்கு திறந்தது.

கனகசபை தொண்டையைச் செருமினார்.

"ஒரு தகவல் மேடம். உங்க வீட்டுக்காரர் போயிட்டாரு."

"எப்போ?"

"இப்பத்தான்."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல மேடம். ஒரு வார்த்தைதான் சொன்னாரு. வேண்டாம்னு."



"அழலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் என் கணவனுக்காக அழ ஆரம்பித்தேன்.