காயம் காட்டும் மரியாதை

நேர்ஸ் பிரியவதனிக்கு அந்த மாதம் கை கழுவுவதைத் தவிர வேறு கதை இல்லை. அந்தத் தீவு ஆஸ்பத்திரி வாட்டில், சுத்தமான காயத்தோடு வந்த மூன்று பேருக்கு வந்த இடத்தில் சீழ் பிடித்திருந்தது. மூன்றாவது ஆள் அல்லைப்பிட்டிக் கடற்றொழிலாளி சில்வெஸ்ரர். காலில் திருக்கை மீனின் முள் ஏறியிருந்தது. இந்தக் கிழமைக்குள் ஆறத் தொடங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி இரண்டு விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தில் கால் ஊன்றி வலை இழுக்கிறவருக்கு விரல் போனால் தொழிலும் போன மாதிரித்தான்.

தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் சொல்லித் தந்ததெல்லாம் அவள் செய்து பார்த்தாள். மீன்முள் மாதிரி ஒரு படம் கீறி, சீழ் பிடிப்பது ஏன் என்று முள்ளுக்கு ஒரு காரணமாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். அது என்ன மீன் என்று சில்வெஸ்ரர் கேட்டார். கை கழுவியவர்களின் பெயருக்கு நேரே ஒரு தாளில் சரி போட்டாள். தாள் முழுக்கச் சரிதான். சீழ் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. படத்தைக் கிழித்துக் குப்பையில் போடலாம் போல எரிச்சல் வந்தது.

கடைசியில் தாளை வைத்துவிட்டு, பார்வையாளர் நேரம் முழுக்க மருந்து அலுமாரியோடு ஒதுங்கி நின்றாள். நாரந்தனையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சில்வெஸ்ரரின் மனைவி ஜசிந்தா, காலையில் மீன் பிரித்த ஈரம் காயாத கையோடு கட்டை அவிழ்த்துக் காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்து ஐயோ என்றார்கள். ஒருவர் விரலால் அமர்த்தியும் பார்த்தார். பிறகு அவள் மடிப்புக் குலையாமல் திரும்பக் கட்டிவிட்டாள். அந்த நேர்த்தி நேர்சுமாருக்கே வராது. பக்கத்துக் கட்டில்களிலும் இதே திருவிழாதான்.

பிரியவதனிக்குத் தலை வெடிக்கும் போல இருந்தது. ஏன் அவிழ்த்தீர்கள் என்று ஜசிந்தாவைக் கேட்டாள்.

"பஸ் ஏறிப் பாக்க வந்த சனம், மிஸ். காட்டாட்டி என்ன நினைக்கும்?"

காரணத்தின் அடி தெரிய, ஏன் என்று ஐந்து தரம் கேட்கச் சொல்லியிருந்தார்கள் பயிற்சியில். ஒரு தரத்திலேயே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதட்டினால் ஒளித்து அவிழ்ப்பார்கள். அடுத்த நாள் மருந்து கட்டும்போது, ஜசிந்தாவின் போனிலேயே காயத்தைப் படம் எடுத்துக் கொடுத்தாள். வருகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள், கட்டை அவிழ்த்தால் விரல் போகும் என்றாள். மற்றக் கட்டில்காரருக்கும் அப்படியே செய்தாள். வந்த சனம் படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, முன்னையதைவிடத் திருப்தியாக ஐயோ சொன்னது. நாலாம் நாள் சீழ் வற்றத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை, வேலையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஒரு பெரிய டொக்டர் ஆறேழு பேரோடு வந்தார். மீன்முள் படத்தைப் புகழ்ந்தார். சரி போட்ட தாளையும் புகழ்ந்தார். பிறகு சில்வெஸ்ரரின் கட்டிலடியில் நின்று, எங்கே, காயத்தை ஒருக்கால் பார்ப்போம் என்றார். கூட வந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

பெரிய மனிதர், அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். எப்படி மறுப்பது? பிரியவதனியின் கை தன்பாட்டில் கட்டின் முடிச்சுக்குப் போனது. கழுவாத கை.

ஜசிந்தா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம் மிஸ். இவருக்கு விரல் வேணும்."

சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பெரிய டொக்டரிடம் நீட்டினாள். ஒரு மாதமாக ஊர் முழுவதன் மேலும் எரிந்துகொண்டிருந்த பிரியவதனிக்கு, அப்போது வந்த கோபமெல்லாம் தன் மேல்தான்.