செட்டு மாத்திரை

என் வீட்டுக்காரர் முத்துராஜாவுக்கு வீம்பு அதிகம். திராட்சைப் பந்தல் கம்பி காலில் ஏறியதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கத்தினேன். அவர் போனதோ என் அண்ணன் பலவேசத்தின் மெடிக்கலுக்கு. அனுமந்தன்பட்டியில் எந்த நோவு என்றாலும் அங்கே ஒரு செட்டு மாத்திரைதான். காய்ச்சலுக்கு, வலிக்கு, வீக்கத்துக்கு என்று எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் மடித்துத் தருவான் அண்ணன்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. வீக்கம் வடிந்தது, காய்ச்சல் விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு செட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார். சண்டை போட்டுத்தான் தேனி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன்.

டாக்டர் சுபாஸ்ரீ எக்ஸ்ரேயைப் பார்த்தார். கிருமி புண்ணிலிருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது, நுரையீரலில் வீக்கம் தொடங்கிவிட்டது, இன்னும் முற்றவில்லை என்றார். இதுவரை என்ன மாத்திரை போட்டார் என்று கேட்டார். ஆக்சிஜன் மாஸ்க்கோடு இவர் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். மச்சான் பெயரைச் சொல்லிவிடாதே என்று என்னை ஒரு பார்வை வேறு. உயிர் ஊசலாடும்போது மச்சான் மரியாதை பார்க்கிற மனுஷன். வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பையிலிருந்த மிச்ச மாத்திரையையும் காகிதத்தோடு எடுத்து நீட்டினேன்.

டாக்டர் சிவப்பு மாத்திரையைத் தனியே ஒதுக்கினார். "நல்லவேளை சொன்னீங்க. இந்த வலி மாத்திரை வீக்கத்தையும் காய்ச்சலையும் மறைச்சிருச்சு. கிருமியை ஒண்ணுமே பண்ணலை. இது கிட்னியைக் கெடுக்கும், இனி அதையும் பார்க்கணும்."

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "நெஞ்சுலயும் வீக்கந்தானம்மா? கால் வீக்கத்த வத்த வச்ச மாத்திரை, இத வத்த வைக்காதா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எந்த மருந்து இந்த வீக்கத்தை அடக்கும் என்று படித்தவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இப்போதைக்குக் கிருமியைக் கொல்லும் ஊசியும் ஆக்சிஜனும்தான் என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். உட்கார முடியவில்லை. பயமாக இருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால் மாப்பிள்ளைக் கால்போல வடிவாக இருந்தது. அது வீங்கியே கிடந்திருந்தால் முன்னமே கூட்டி வந்திருப்பேன்.

அண்ணன் போன் பண்ணினான். "மாப்ள எப்படி இருக்காக, சொர்ணம்? பஸ்சுல இன்னொரு செட்டுக் குடுத்து விடவா?"

"வேணாம்ணே. காலு நல்லா வத்திருச்சு. நீ வந்து மூச்ச மட்டும் பாத்துட்டுப் போ."