கருப்பையன் கேட்ட ரோந்து

அப்பாவின் உடலுக்குப் போட வந்த மாலையைக் கையில் வாங்கிய பிறகுதான் அதைக் கொண்டுவந்தவரை மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். சோமசேகரன். சுருக்குமடிப் படகுகளின் முதலாளி. மீன்குஞ்சுகூட மிச்சமில்லாமல் கடலை வாரிக்கொண்டு போகும் அந்த வலைக்கு அரசாங்கத் தடை உண்டு. அந்தத் தடையை அமல்படுத்தச் சொல்லித்தான் அவள் அப்பா கருப்பையன் இத்தனை வருஷம் காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் அலையாய் அலைந்தார்.

“அண்ணன் ஊருக்காவ நின்ன மனுசன்மா,” என்றார் சோமசேகரன். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நேற்று அவர் கேட்ட ரோந்து வந்துவிட்டது. புதுப் படகு, புதுச்சேரியிலிருந்து புதிதாக வந்த அதிகாரிகள், துப்பாக்கிப் போலீஸ். “இன்னிக்கு எவன் மாட்டுறான்னு பாரு” என்று சிரித்துக்கொண்டேதான் அப்பா கடலுக்குக் கிளம்பினார். ஆனால் சேதி முன்னாலேயே கசிந்து, சுருக்குமடிப் படகு ஒன்றும் போகவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? பதிவு எண் அழிந்திருக்கிறதென்று கருப்பையனின் பைபர் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

“ஐயா, உங்கள வரச்சொல்லிக் கேட்டதே நாந்தாங்க.”

அப்பா அப்படிச் சொன்னதும் அதிகாரி ஒருத்தர் சிரித்தாராம். துறைமுகப் படியில் உட்கார்ந்த கருப்பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்திருக்கவில்லை.

சோமசேகரன் இப்போது அவள் தம்பி செம்பியனின் தோளில் கை வைத்தார். “படகு இல்லாம என்னடா பண்ணுவ? காரியம் முடியட்டும், நம்ம படகுக்கு வந்துடு.”

செம்பியன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினான்.

மதிவதனி அம்மாவிடம் திரும்பினாள். “அம்மா, கேட்டியா?”

கணவனின் காலடியை விட்டு நகராமல் அஞ்சுகம் சொன்னாள்: “கேட்டுச்சு. அவங்களுக்கு டீ குடு.”

பாடையின் முன்பக்கம் சோமசேகரனே தோள் கொடுத்தார். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். பறைச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. அங்கிருந்து அரசலாறு கடலில் விழுகிற இடம் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அதை மட்டும் இதுவரை ஒருவரும் மீறியதில்லை. சுருக்குமடிப் படகுகள் ஆற்றோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, கடலில் ஒரு படகும் இல்லை.