அசையாதவருக்கே ஆகாயம்

விமானப் பயிற்சிப் படையில் சேர்ந்து இரண்டு வருடமாகியும் துறுதுறு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண் ஒரு விமானத்தைத் தொட்டதில்லை. பூட்ஸைத் தொட்டிருக்கிறாள், பாலிஷ் போட, தினமும் இரண்டு வேளை. படையின் கமாண்டர், அணிவகுப்பு இல்லாத நாட்களில், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். லிஃப்டில் ஏறினாலே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஆள். பறப்பதைப் பற்றி அந்த மகானுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு நிஜமாகவே ஒரு குட்டி விமானம் வந்தது. சிறப்பு விருந்தினருக்கு ஒரு சுற்று, பிறகு ஒரே ஒரு கேடட்டுக்கு ஒரு சுற்று. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க மாஸ்டர் வைத்த போட்டி, வெயிலில் அசையாமல் நிற்பது. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத துறுதுறு பல்லைக் கடித்துக்கொண்டு நின்று ஜெயித்தாள். இரண்டாவதாக வந்தவனுக்குப் பட்டப்பெயரே கம்பம். அவனுக்கு அது பிறவிக் குணம்.

"அணிவகுப்பு கலையிறதுக்குள்ள அசைஞ்சா சீட்டு கம்பத்துக்குப் போயிடும், பாத்துக்கோ" என்று விழாவன்று காலையிலும் மிரட்டினார் மாஸ்டர்.

இறக்கைக்கு அடியில் காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாய் உண்டு. பூச்சி புகாமலிருக்க அதற்கு ஓர் உறை. பறக்கும் முன் கழற்ற மறந்துவிடக் கூடாதென்று உறையில் நீளமாக ஒரு சிவப்பு நாடா தொங்கும். மாஸ்டர் கண்ணுக்கு அது திறப்பு விழா நாடாவாகத் தெரிந்தது. கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார். விருந்தினரும் வெட்டினார். மேடையே கைதட்டியது.

அந்நேரம் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த பைலட், திரும்பி வந்து நாடாவைக் காணாமல், உறையைக் கழற்றியாயிற்று என்று நம்பி, விருந்தினரையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். விமானம் உறுமியது.

துறுதுறுவுக்கு உறை தெரிந்தது. மேலே போனபின் வேகம் தெரியாவிட்டால்? சீட்டு போய்விடுமே என்று ஒரு கணம் அல்பமாகத் தயங்கினாள். பிறகு ஒரே ஓட்டமாக ஓடி, விமானத்துக்கு எதிரே நின்று, தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே ஆட்டினாள்.

எஞ்சின் நின்றது. பைலட் இறங்கி உறையைப் பிடுங்கினார். முகம் வெளுத்திருந்தது. "நல்லவேளைம்மா" என்றார்.

"அசைஞ்சிட்டியே!" என்றார் மாஸ்டர். அவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

விருந்தினருக்குத் திடீரென்று ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. சீட்டு கம்பத்துக்குப் போனது. "நானுந்தான் பாத்தேன். சொல்லச் சொல்லி ஆர்டர் வரலியே" என்று சொல்லிவிட்டு அவன் ஏறினான். "இதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு!" என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

கால் மணி நேரம் கழித்து விமானம் இறங்கியதும் துறுதுறு மானத்தை விட்டு ஓடினாள். "டேய், மேலேருந்து பாத்தா எப்படிடா இருந்துச்சு?"

"தெரியல" என்றான் கம்பம், நேரே பார்த்தபடி. "கீழ பாக்கச் சொல்லி யாரும் சொல்லல."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.